பரோலோ சிவப்பு ஒயினில் நல்ல அறுவடை ஆண்டைத் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

வட இத்தாலியின் பியட்மான்ட் மாநிலத்தில், ஆல்பா நகரை அடுத்த லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ என்னும் ஒரே வகைத் திராட்சையிலிருந்து செய்யப்படும் சிவப்பு ஒயின் பரோலோ. இதன் விலை அதிகம். ஒரே தயாரிப்பாளர் ஒரே தோட்டத்திலிருந்து எடுத்த ஒயினாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடும் மிக அதிகம். ஆகவே ஆண்டைத் தவறாகத் தேர்ந்தால் பணமும் போகும், பல ஆண்டுகள் காத்திருந்ததும் வீணாகும்.

புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் "எது மிகச் சிறந்த ஆண்டு?" என்ற கேள்வியோடுதான் கடைக்குப் போகிறார்கள். பதில் சரியாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாட்டிலை அடுத்த வாரமே திறந்து, நாக்கை இறுக்கும் துவர்ப்பைத் தவிர வேறெதையும் உணராமல் ஏமாந்துவிடுகிறார்கள். பரோலோவில் மிகவும் புகழப்படும் ஆண்டுகளே மிகத் தாமதமாகப் பக்குவப்படுபவை. எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த ஆண்டு சிறந்தது என்பதன்று. நான் திறக்கப்போகும் நாளுக்கு எந்த ஆண்டு பொருந்தும் என்பதே. கீழுள்ள படிகள் அந்த ஒழுங்கில் அமைந்தவை. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் முடிவைச் சார்ந்தது என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலாவது, பாட்டிலை வைக்க ஓர் இடம். ஆண்டு முழுவதும் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும் நிலவறையோ ஒயின் குளிர்பெட்டியோ உங்களிடம் உள்ளதா என்பதை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சென்னையிலோ சிங்கப்பூரிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அறை வெப்பநிலையே 30 டிகிரியைத் தொடும் ஊரில், அலமாரியில் வைத்த பரோலோ சில மாதங்களிலேயே சமைத்த பழத்தின் வாசனைக்கு மாறிவிடும். இடம் இல்லையென்றால் முதிர வைக்க வேண்டிய ஆண்டுகளை வாங்கவே கூடாது.

இரண்டாவது, ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பு. மூன்றாவது, ஒயின் எங்கிருந்து வந்தது, எப்படி வைக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு கடைக்காரர். நான்காவது, நீங்களே எழுதிய ஓர் ஆண்டுத்தாள். அதை மூன்றாம் படியில் தயாரிக்கப்போகிறோம்.

1. திறக்கும் நாளை முதலில் குறியுங்கள்

ஒரு தாளில் மூன்று வரிகள் போதும்: இந்த ஆண்டுக்குள் குடிக்க, ஐந்து ஆண்டுகளுக்குள் குடிக்க, பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க. வாங்க நினைக்கும் ஒவ்வொரு பாட்டிலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்க வேண்டும்.

இதற்குக் காரணம் நெபியோலோவின் இயல்பு. இந்தத் திராட்சையில் துவர்ப்பைத் தரும் டானினும் புளிப்பைத் தரும் அமிலமும் ஒருசேர உயர்ந்து நிற்கின்றன, நிறமோ வெளிறியது. இளம் வயதில் வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல் வாயை இழுக்கும் இந்த டானின், பாட்டிலுக்குள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கரைந்து, இறுதியில் பட்டுப்போன்ற பிடிப்பாக மட்டும் எஞ்சுகிறது. அந்த மாற்றத்துக்கு எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பதை அறுவடை ஆண்டின் வானிலைதான் பெரிதும் தீர்மானிக்கிறது.

உணவகத்தில் ஒயின் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவரும் இதே படியில்தான் தொடங்க வேண்டும். அங்கே திறக்கும் நாள் இன்று. ஆகவே பட்டியலில் புகழ்பெற்ற இளம் ஆண்டு ஒன்றும் சுமாரான பெயருள்ள, ஆனால் பக்குவப்பட்ட ஆண்டு ஒன்றும் இருந்தால் இரண்டாவதே சரியான தேர்வு.

2. லேபிளில் உள்ள ஆண்டு எதைக் குறிக்கிறது என்பதை அறியுங்கள்

அச்சிடப்பட்டிருப்பது திராட்சை அறுவடையான ஆண்டு. பாட்டிலில் அடைத்த ஆண்டோ விற்பனைக்கு வந்த ஆண்டோ அன்று. பரோலோவின் விதிமுறைப்படி, அறுவடை ஆண்டின் நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து குறைந்தது 38 மாதங்கள் ஒயின் முதிர வேண்டும். அவற்றில் 18 மாதங்களேனும் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். ரிசெர்வா என்ற சொல்லைத் தாங்கியவற்றுக்கு 62 மாதங்கள்.

எனவே 2021 அறுவடையின் பரோலோ 2025 ஜனவரியில்தான் விற்பனைக்கு வர முடியும். அதன் ரிசெர்வாவோ 2027 ஜனவரியில்தான் வர முடியும். கடையில் புதிதாக வந்த பரோலோவில் நான்கு ஆண்டுப் பழைய எண் இருப்பதைக் கண்டு, விற்காமல் தேங்கிய சரக்கு என்று ஒதுக்குவது புதியவர்கள் செய்யும் பிழை. நேர்மாறான பிழையும் உண்டு: நான்கு ஆண்டு ஆகிவிட்டதால் பக்குவப்பட்டிருக்கும் என்று நம்புவது. சட்டம் கோருவது விற்பனைக்கான குறைந்தபட்ச வயதை மட்டுமே.

3. ஆண்டின் வானிலையைப் படித்து ஆண்டுத்தாளைத் தயாரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட, கொடியின் ஆண்டுச் சுழற்சியை ஒருமுறை புரிந்துகொண்டால் இனி வரும் ஒவ்வோர் ஆண்டையும் நீங்களே எடைபோடலாம்.

நெபியோலோ மற்ற வகைகளுக்கு முன்பே துளிர்த்து, எல்லாவற்றுக்கும் பிறகே பழுக்கும். ஏப்ரலில் துளிர் விடும்போது உறைபனி விழுந்தால் அந்த ஆண்டின் விளைச்சல் குறையும். தரம் கெட வேண்டும் என்பதில்லை. ஜூனில் பூக்கும் காலத்து மழை காய்ப்பிடிப்பைக் குறைக்கும். கோடையில் ஆலங்கட்டி மழை ஒரு சரிவை அழித்து அடுத்த சரிவைத் தொடாமல் போகும். இவை யாவும் முக்கியம்தான் என்றாலும், பரோலோவின் தலைவிதி செப்டம்பரிலும் அக்டோபரின் முதல் பாதியிலும்தான் எழுதப்படுகிறது. அந்த வாரங்களில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வந்தால் டானின் முதிரும், நறுமணம் தங்கும், புளிப்பும் குறையாது. மழை வந்தால் தோல் வெடித்துப் பூஞ்சை பிடிக்கும், சாறு நீர்க்கும். வெப்பம் விடாமல் நீடித்தால் டானின் முதிர்வதற்கு முன்பே சர்க்கரை ஏறிவிடும். அறுவடையை முன்கூட்டியே முடிக்க நேரும்.

ஆகவே எந்த ஆண்டின் அறிக்கையைப் படித்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். செப்டம்பர் எப்படி இருந்தது? அறுவடை எப்போது தொடங்கியது? மழை எப்போது, எவ்வளவு நாள் பெய்தது? ஆண்டு மொத்தமும் வெப்பமா குளிரா என்ற ஒற்றைச் சொல் விடை அதிகம் உதவாது.

இந்த விடைகளைக் கொண்டு ஆண்டுகளை மூன்று குழுக்களாகப் பிரிக்கலாம். அந்தப் பட்டியலே உங்கள் ஆண்டுத்தாள்.

*நீண்ட, மிதமான பருவங்கள்.* 1996, 1999, 2001, 2004, 2006, 2008, 2010, 2013, 2016, 2019 ஆகியவை இதில் அடங்கும். அறுவடை அக்டோபரில் நடந்து, புளிப்பும் டானினும் உறுதியாக அமைந்த ஆண்டுகள் இவை. இவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 1996, 2006 ஆகிய இரண்டும் கடினமான டானின் கொண்டவை. பொறுமை மிகுந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. 2004 அதே குழுவில் இருந்தும் தொடக்கத்திலிருந்தே மென்மையாக நடந்துகொண்டது. 2010உம் 2016உம் செறிவையும் சமநிலையையும் சேர்த்துத் தந்தவை. அவற்றின் விலையும் அதைக் காட்டும். 2008, 2013 ஆகியவை குளிர்ச்சியான, தாமதமான ஆண்டுகள். அவற்றின் நறுமணமும் தெளிவும் எனக்கு மிகவும் பிடித்தவை, புகழ்பெற்ற அண்டை ஆண்டுகளின் நிழலில் நிற்பதால் ஒப்பீட்டளவில் நல்ல விலைக்கும் கிடைக்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க என்று எழுதிய வரிக்கு இந்தக் குழுவிலிருந்தே தேர்ந்தெடுங்கள். 2021உம் அமைப்பில் இந்தக் குழுவை ஒட்டியே நிற்கிறது. வறண்ட கோடையில் விளைந்ததால் சற்றுக் கூடுதல் கனிவு அதில் உண்டு.

*வெப்பமான ஆண்டுகள்.* 1997, 2000, 2003, 2007, 2009, 2011, 2015, 2017, 2022 இதில் சேரும். 2020ஐயும் இதன் ஓரத்தில் வைக்கலாம். பழச்சுவை முன்னால் நிற்கும், மதுசார அளவு 14.5 சதவீதத்தையோ அதற்கு மேலோ தொடும், புளிப்பு சற்று இறங்கியிருக்கும். இவை முன்கூட்டியே குடிக்கத் தகுந்தவை. ஐந்து ஆண்டுகளுக்குள் என்ற வரிக்கு உதவுபவை. ஆனால் எல்லா வெப்பமும் ஒன்றன்று. 2003இன் கொடிய வெயிலில் பல தோட்டங்களில் கொடிகள் பழுக்க வைக்கும் வேலையையே நிறுத்திவிட்டதால், உலர்திராட்சை வாசனையும் முதிராத டானினும் ஒரே ஒயினில் சேர்ந்து வந்தன. 2015இலோ நிலத்தில் ஈரம் இருந்ததால் வெப்பம் கனிவாக மாறியது. இந்தக் குழுவில் எனது முதல் தேர்வு 2015.

*சிக்கலான ஆண்டுகள்.* 2002, 2014, 2018 ஆகியவை. 2002இல் மழையோடு செப்டம்பர் தொடக்கத்தில் பரோலோ பகுதியைக் கடுமையான ஆலங்கட்டி மழையும் தாக்கியது. பலர் தங்கள் தனித்தோட்ட ஒயின்களை, அதாவது ஒரே தோட்டத்துத் திராட்சையில் மட்டும் செய்பவற்றை, அந்த ஆண்டு வெளியிடவே இல்லை. 2014இல் கோடை முழுவதும் குளிரும் மழையும். இலையுதிர்காலத்தில் வெயில் வந்து காப்பாற்றியது. 2018இன் ஈரமான வசந்தம் இலைகளில் பூஞ்சை நோயைப் பரப்பியது. ஒயின்கள் வாயில் கனமின்றி மெலிந்து வந்தன. இவற்றை மொத்தமாக ஒதுக்க வேண்டாம். தயாரிப்பாளரைப் பார்த்து வாங்க வேண்டிய ஆண்டுகள் இவை. அது ஐந்தாம் படி.

மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டே சான்று. அமெரிக்க ஒயின் இதழ் ஒன்று பியட்மான்டின் அந்த ஆண்டுக்கு 100க்கு 100 வழங்கியது; விலை ஏறியது. இன்று அதையும் 2001ஐயும் அருகருகே வைத்துக் குடிப்பவர்களில் பலர் 2001ஐயே உயர்வாகக் கருதுகிறார்கள். இளம் வயதில் கனிவாகத் தெரியும் வெப்ப ஆண்டுக்கு மதிப்பெண் எளிதில் கிடைத்துவிடுகிறது. இறுக்கமான ஆண்டின் தகுதி தாமதமாகவே வெளிப்படுகிறது.

4. ஊரையும் சரிவையும் ஆண்டோடு பொருத்துங்கள்

பரோலோ 11 ஊராட்சிகளில் விளைகிறது. ஒரே ஆண்டின் வானிலை இவை எல்லாவற்றையும் ஒரேபோல் பாதிப்பதில்லை. இதை அறியாமல் ஆண்டுப் பட்டியலை மட்டும் பிடித்துக்கொண்டு வாங்குவது பாதி வேலையோடு நிறுத்துவதாகும்.

மேற்கே லா மோராவிலும் பரோலோ ஊரிலும் சுண்ணாம்பு கலந்த நீலச்சாம்பல் களிமண் மிகுதி. ஒயின் நறுமணத்தோடும் மென்மையாகவும் வரும். கிழக்கே செரலுங்காவிலும் தெற்கே மான்ஃபோர்தேவிலும் மண் இன்னும் பழமையானது. அங்கே விளைவது இறுக்கமான, வலுவான, நெடுநாள் வாழும் ஒயின். இரண்டுக்கும் நடுவே உள்ள காஸ்டிலியோனே ஃபலேட்டோ இரு குணங்களையும் சமன் செய்கிறது. வடக்கே வெர்டுனோவின் ஒயினில் மிளகின் சாயலும் பூவின் மணமும் உண்டு. உயரத்தில் இருக்கும் நொவெல்லோ குளிர்ச்சியானது.

வெப்பமான ஆண்டில் உயரமான, காற்றோட்டமான இடங்களை நாடுங்கள்: நொவெல்லோவின் ரவேரா, லா மோராவின் மேற்சரிவுகள். அங்கே இரவுக் குளிர் புளிப்பைக் காக்கும். குளிரான ஆண்டில் தெற்கு நோக்கிய, வெயிலை முழுதாக வாங்கும் சரிவுகளுக்குப் போங்கள்: பரோலோ ஊரின் கன்னூபி, செரலுங்காவின் விஞா ரியோண்டா, லா மோராவின் பிருனாத்தே போன்றவை. பெரும் மழை பெய்த ஆண்டில் செங்குத்தான சரிவே நன்று. நீர் தேங்காமல் வடிந்துவிடும்.

இறுக்கமான ஆண்டையும் இறுக்கமான ஊரையும் சேர்த்து வாங்கிவிட்டுச் சீக்கிரம் திறப்பதுதான் நான் அதிகம் கண்ட தவறு. செரலுங்காவின் 2006 அல்லது 2013 பாட்டிலை வாங்கினால் அதைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் என்ற வரியில் மட்டுமே எழுதுங்கள். அதே ஆண்டின் லா மோரா சில ஆண்டுகள் முன்னதாகவே திறந்துகொள்ளும்.

5. சிக்கலான ஆண்டில் தயாரிப்பாளரைக் கொண்டு தேர்ந்தெடுங்கள்

நல்ல ஆண்டில் பெரும்பாலோர் நல்ல ஒயின் செய்வார்கள். மோசமான ஆண்டில்தான் அழுகிய குலைகளை வெட்டி எறியவும், விளைச்சலில் பாதியைக் கைவிடவும் மனம் உள்ளவர் யார் என்று தெரியும். பலரும் கைவிட்ட 2002இல் ஜாகோமோ கொன்தெர்னோ என்ற ஒயின் தயாரிப்பு இல்லம் தன் தலைசிறந்த ரிசெர்வாவான மோன்ஃபோர்தீனோவை வெளியிட்டது. அது இன்றும் அந்த ஒயினின் மிகச்சிறந்த ஆண்டுகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இந்தப் படியில் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தயாரிப்பாளர் அந்த ஆண்டு தம் தனித்தோட்ட ஒயினை வெளியிட்டாரா? வெளியிடவில்லையென்றால் அதில் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தனித்தோட்டத்துக்குப் போகவிருந்த திராட்சை முழுவதும் அவருடைய சாதாரண பரோலோவிலோ, அதற்கும் கீழ்ப்படியான லாங்கே நெபியோலோவிலோ சேர்ந்திருக்கும். 2014 போன்ற ஆண்டில் கவனமான ஒருவருடைய அடிப்படை பரோலோ குறைந்த விலைக்குக் கிடைக்கும் அரிய சரக்காவது இதனால்தான்.

பல தோட்டங்களின் திராட்சையைக் கலந்து செய்பவர்களும் இத்தகைய ஆண்டுகளில் நம்பத்தக்கவர்கள். பார்த்தோலோ மஸ்கரெல்லோ இல்லம் பரோலோ, லா மோரா ஊர்களில் உள்ள தன் தோட்டங்களின் திராட்சையை ஒன்றாகக் கலந்தே ஒரே பரோலோ செய்கிறது. ஒரு சரிவில் ஆலங்கட்டி விழுந்தாலும் மற்றது ஈடு கொடுக்கும்.

செய்முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பழைய பீப்பாய்களில் நீண்ட காலம் வைப்பவர்களின் ஒயின் மெதுவாக முதிரும். சிறிய புதிய ஓக் பீப்பாயைப் பயன்படுத்துபவர்களின் ஒயினில் இளமையில் வனிலாவும் வறுத்த மரமும் மணக்கும். மெலிந்த ஆண்டின் ஒயினை அந்த மரமணம் எளிதில் விழுங்கிவிடும் என்பதால், 2014, 2018 ஆண்டுகளுக்குப் பெரிய பீப்பாய் வழியினரையே நான் பரிந்துரைப்பேன்.

6. லேபிளைச் சரிபாருங்கள்

பாட்டிலின் கழுத்தில் அரசு எண்ணிட்ட ஒரு தாள்பட்டை ஒட்டியிருக்க வேண்டும். 1980 முதல் பரோலோவுக்கு உள்ள டி.ஓ.சி.ஜி. (இத்தாலிய ஒயின்களின் மிக உயர்ந்த தரப்பிரிவு) தகுதியின் அடையாளம் அது. அது கிழிந்திருந்தாலோ இல்லாமலிருந்தாலோ காரணம் கேளுங்கள்.

அடுத்து தோட்டப்பெயர். 2010 அறுவடையிலிருந்து பரோலோவில் 181 இடப்பெயர்கள் அதிகாரபூர்வமாக வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றில் 11 ஊர்ப்பெயர்கள். இடப்பெயர் இருப்பதே உயர்வுக்குச் சான்றாகாது. மான்ஃபோர்தேவின் புஸ்ஸியா சுமார் 300 ஹெக்டேர் பரந்தது. அதற்குள் சிறந்த சரிவும் உண்டு, சாதாரணமானதும் உண்டு. இடப்பெயருக்குப் பிறகு "விஞா" என்ற சொல்லும் ஒரு சிறு பெயரும் வந்தால் இன்னும் குறுகிய ஒரு துண்டைக் குறிக்கும். அதற்கு ஹெக்டேருக்கு 8 டன் என்ற பொது வரம்பு 7.2 டன்னாகக் குறைகிறது.

ரிசெர்வா என்பது கூடுதல் காலம் முதிர்ந்ததைச் சொல்கிறதே தவிர, ஆண்டு நன்று என்று சொல்வதில்லை. பரோலோ கினாத்தோ என்று எழுதியிருந்தால் அது மூலிகை சேர்த்த இனிப்பு பானம்; தவறுதலாக வாங்கி வருபவர்கள் உண்டு.

7. பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இது வரை காகிதத்தில் செய்த வேலை முழுவதும் மோசமாக வைக்கப்பட்ட ஒரு பாட்டிலால் வீணாகும். நல்ல ஆண்டின் கெட்ட பாட்டிலைவிட, சுமாரான ஆண்டின் நன்கு காக்கப்பட்ட பாட்டில் எப்போதும் மேல்.

முதலில் பாட்டிலை நேராக நிறுத்தி, ஒயினின் மட்டம் கார்க்கின் அடியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். இளம் பாட்டிலில் இடைவெளி மிகச் சிறிதாக இருக்க வேண்டும். 20 ஆண்டு வயதுள்ளதில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இயல்பு. ஐந்தைத் தாண்டினால் காற்று புகுந்திருக்கிறது என்று கொண்டு விட்டுவிடுங்கள்.

பிறகு மூடிமேல் உள்ள உறையின் நுனியை விரலால் அழுத்துங்கள். கார்க் உறையைத் தள்ளிக்கொண்டு மேலே புடைத்திருந்தால் பாட்டில் எங்கோ வெப்பத்தில் கிடந்திருக்கிறது. உறையின் ஓரத்தில் பிசுபிசுப்போ காய்ந்த கறையோ இருந்தாலும் அதே காரணம்தான். லேபிள் ஈரத்தால் கறைபட்டிருப்பது பெரும்பாலும் கெட்ட அறிகுறியன்று. ஈரப்பதமுள்ள நிலவறையில் இருந்ததையே அது காட்டும்.

இறுதியாக ஒரு விளக்கின் முன் பாட்டிலின் தோளைப் பிடியுங்கள். பரோலோ இளமையிலேயே வெளிறிய மாதுளை நிறத்தில் இருக்கும். விளிம்பு சீக்கிரமே செங்கல் நிறத்துக்குத் திரும்பும். கருஞ்சிவப்பு ஒயின்களுக்குப் பழகியவர்கள் இதைக் கெட்டுப்போனதாக எண்ணித் திருப்பி வைத்துவிடுகிறார்கள். கவலைப்பட வேண்டியது நிறம் கலங்கிப் பழுப்பாகத் தெரிந்தால்தான். அடியில் படிந்த வண்டல் வயதின் இயல்பு.

ஒளிவிளக்கின் நேர்கீழே, கண்ணாடிச் சன்னலின் ஓரத்தில் நிற்க வைத்து விற்கும் பாட்டிலை எந்த ஆண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

8. ஒன்றைத் திறந்து பார்த்தபின் மற்றவற்றை வாங்குங்கள்

முதிர வைப்பதற்காக ஆறு பாட்டில் வாங்க நினைப்பவர், முதலில் ஒன்றை மட்டும் வாங்கித் திறப்பது நல்லது. திறந்தவுடன் அரைக் கிளாஸ் குடித்துப் பாருங்கள். மீதியை மூடி வைத்து மறுநாள் மாலை மீண்டும் குடியுங்கள். முதல் நாள் மணம் வெளிப்படாமல் மூடியிருந்து மறுநாள் ரோஜா, செர்ரி, உலர்ந்த மூலிகை ஆகியவற்றின் மணம் எழுந்தால் அந்த ஒயினுக்கு எதிர்காலம் உண்டு. முதல் நாளே எல்லாம் வெளியே வந்து மறுநாள் சோர்ந்துபோனால், அதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முடித்துவிட வேண்டும்.

பரோலோ விற்பனைக்கு வந்த முதல் ஆண்டில் பழச்சுவையோடு திறந்திருந்து, பிறகு சில ஆண்டுகள் முற்றிலும் மூடிக்கொள்வதும் உண்டு. அந்தக் கட்டத்தில் திறந்த ஒரு பாட்டிலை வைத்து ஆண்டையே மோசம் என்று முடிவுகட்டாதீர்கள். மறுநாள் சோதனை இந்த ஐயத்தையும் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

9. வைத்திருக்கும் காலத்தைப் பாட்டிலின் மேலேயே எழுதுங்கள்

பாட்டிலைப் படுக்கையாக, இருளில், அதிராத இடத்தில் வையுங்கள். கார்க் நனைந்திருந்தால்தான் சுருங்காது. வெப்பநிலை 14 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் நிலையாக இருப்பதே முக்கியம். பகலில் ஏறி இரவில் இறங்கும் அலமாரி, கார்க்கை விரித்துச் சுருக்கிக் காற்றை உள்ளே இழுக்கும்.

ஒரு சிறு அட்டையைக் கழுத்தில் கட்டி, திறக்கத் தொடங்கும் ஆண்டையும் முடிக்க வேண்டிய ஆண்டையும் எழுதுங்கள். எனது கணக்கு இது: வெப்பமான ஆண்டுகளுக்கு அறுவடையிலிருந்து 7 முதல் 15 ஆண்டுகள், நீண்ட மிதமான ஆண்டுகளுக்கு 12 முதல் 25, செரலுங்காவாகவோ மான்ஃபோர்தேவாகவோ இருந்தால் அதற்கு மேலும், மெலிந்த ஆண்டுகளுக்கு 6 முதல் 12. அட்டை இல்லாவிட்டால் மெலிந்த ஆண்டின் பாட்டில் பின்வரிசையில் மறக்கப்பட்டு, உரிய காலம் கடந்தபின் கைக்கு வரும்.

10. திறக்கும் நாளில்

15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாட்டிலை ஒரு நாள் முன்பே நேராக நிறுத்தி வண்டலை அடியில் படிய விடுங்கள். மறுநாள் மெதுவாக டிகேன்டரில் (ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி, கழுத்தருகே வண்டலின் கோடு தெரிந்ததும் நிறுத்துங்கள். பழைய ஒயினைப் பல மணி நேரம் காற்றில் விட்டால் நுட்பமான மணம் கலைந்துவிடும். பரிமாறுவதற்குச் சற்று முன் ஊற்றினால் போதும். 2016, 2019 போன்ற இறுக்கமான இளம் ஆண்டுகளை இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே டிகேன்டரில் ஊற்றி வையுங்கள்.

பரிமாறும் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் அறை வெப்பநிலையில் மதுசாரம் மட்டுமே மூக்கில் ஏறும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். வயிறு அகன்ற பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

கொழுப்பும் புரதமும் உள்ள உணவு டானினை மெத்தென்று ஆக்கும். மிளகாய்க் காரமோ டானினையும் மதுசாரத்தையும் இரண்டு மடங்காக உணரச் செய்யும். ஆகவே வீட்டில் சமைப்பதாயின் மிளகாயைக் குறைத்து, மிளகும் சீரகமும் சேர்த்து மெல்லிய தீயில் நெடுநேரம் வெந்த ஆட்டுக்கறியே பொருத்தம். வெப்பமான ஆண்டின் ஒயினில் மதுசாரம் ஏற்கெனவே அதிகம் என்பதால் அதனோடு காரத்தை இன்னும் குறையுங்கள். பக்குவப்பட்ட 2004 அல்லது 2008 ஆக இருந்தால் சற்றுத் தாராளமாகவே மிளகு சேர்க்கலாம்.